என் தங்கையின் சளி

1

போன வாரம் ரங்கூன் ஆற்றங்கரையில் அப்பாவுக்கு வருஷத் திவசம் கொடுத்தேன். பக்கத்துப் படித்துறையில் படகிலிருந்து மீன் விழுதுப் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை. திவசம் பண்ணிவைத்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். எள்ளும் தண்ணீரும் என் கையில் ஊற்றி, "உத்தமமான தகப்பனார், சந்ததியைக் காத்தவர்னு மனசிலே நினைச்சுக்கும்" என்றார்.

எனக்குக் குமட்டியது. எள்ளைக் கீழே போட்டுவிட்டு ஓரமாகப் போய் ஓங்கரித்தேன்.

"மீன் நாத்தம் ஆகலன்னா திவசத்த வீட்லயே வச்சிருக்கலாம்லா" என்றாள் என் மனைவி பகவதி. எட்டு வயது மகள் செல்லம் மேல்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றாள். ஏதோ பர்மியச் சொல் ஒன்றைச் சொன்னாள். அது எனக்குத் தெரிந்த சொல். பிறர் எச்சிலையோ மலத்தையோ கண்டால் இங்குள்ள பிள்ளைகள் சொல்வது. தமிழில் அவளுக்கு அருவருப்பு என்ற சொல் தெரியாது. சாப்பாடு, தூக்கம், தெரு விளையாட்டு, கோபம் எல்லாம் அவளுக்கு இப்போது பர்மிய மொழியில்தான்.

நான் ஓங்கரித்தது மீனுக்கு அல்ல. அது ஒரு வருஷத்துக்கு மேலாக என் தொண்டையில் நிற்கிறது. இந்தப் பத்திரிகை தென்காசியில் பல வீடுகளுக்குப் போகிறது என்று அறிவேன். எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

2

எனக்கு இங்கே வேலை ஒரு கல்லூரியின் உயிரியல் கூடத்தில். நேராகச் சொன்னால் தவளை அறுக்கிற வேலை. ஊரில் பலர் நான் பர்மாவில் பெரிய உத்தியோகம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

தவளையின் தொண்டை உள்தோலை வெட்டியெடுத்து, தக்கையின்மேல் விரித்து, உப்புநீர் தெளித்து, அதன்மேல் ஒரு சிட்டிகை கரித்தூள் வைத்தால், தூள் தானாக நகரும். தவளை செத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் கரி நகர்ந்துகொண்டே இருக்கும். காரணம், அந்தத் தோலின் ஒவ்வொரு செல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் முளைத்திருக்கின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, மேலே கிடக்கிற கோழையைத் தள்ளுகின்றன. தவளைக்கு வயிற்றை நோக்கித் தள்ளும். மனிதனுடைய மூச்சுக்குழாயில் மேலே, தொண்டையை நோக்கித் தள்ளும். நாம் நாள் முழுவதும் அறியாமல் விழுங்கித் தீர்க்கிற சளி அப்படி ஏறி வருவதுதான்.

எங்கள் பேராசிரியர் வெள்ளைக்காரர். நல்லவர் கெட்டவர் என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. மனிதரைவிடத் தவளை அவருக்கு நெருக்கம். அவருக்கு ஒரே கேள்வி: ஒரு செல் இந்த மயிர்களை எப்படி உண்டாக்குகிறது? தவளையின் அண்ணத்தில் ஓர் இடத்தைச் சுரண்டிவிட்டு, அது ஆறுகிறவரை நாளுக்கொரு தவளையாகக் கொன்று, மெல்லிசாகச் சீவி, கறுப்புச் சாயம் ஏற்றிப் பார்ப்பது என் வேலை. புதிதாக வருகிற செல் முதலில் மொட்டையாக இருக்கும். உள்ளே, கருவுக்குப் பக்கத்தில், ஒன்றோ இரண்டோ கறுப்புப் புள்ளிகள் தெரியும். இரண்டொரு நாளில் அந்தப் புள்ளிகள் பலவாகும். பிறகு அவை மேலே ஏறி, செல்லின் விளிம்புக்கு அடியில் வரிசைகட்டி உட்காரும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு மயிர் வெளியே நீளும். புள்ளி இல்லாமல் மயிர் இல்லை. முதலில் இருந்த இரண்டு புள்ளிகள்தான் மற்றவற்றை ஈன்றனவா, அல்லது அவை புதிதாகத் தோன்றினவா என்பதில் புத்தகங்களுக்குள்ளேயே சண்டை. அந்தச் சண்டைக்காக நான் ஏழு வருஷம் புள்ளி எண்ணினேன்.

வீட்டுக்கு வந்தால் பகவதி என்னைக் கொல்லைப் பக்கம் குளிக்கவைத்துத்தான் உள்ளே விடுவாள். செல்லம் என் கையால் எதையும் வாங்கித் தின்னமாட்டாள். நாற்றம் என்பாள். எனக்கு அது தவறாகப் படவில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

3

என் தங்கை உலகம்மை என்னைவிட ஆறு வயது இளையவள். பிறந்த அன்றே மூக்கு ஒழுகிக்கொண்டு பிறந்தாள் என்பார்கள். அது நிற்கவே இல்லை. தினமும் காலையில் கிணற்றடியில் குனிந்து நின்று, அரைமணி நேரம் இருமி, மஞ்சளும் பச்சையுமாகக் கோழை துப்புவாள். சரியாக நான் பழையது சாப்பிடுகிற வேளை. நான் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் சாப்பிட்டு முடிப்பேன். அவள் சிரித்தால் நெஞ்சுக்குள் கரகரவென்று கேட்கும். பேசினால் மூக்கால் பேசுவாள். தேர் பார்க்கப் போனால் ரத வீதியில் நான் பத்தடி முன்னால் நடப்பேன். யாராவது "பின்னால வாறது உன் தங்கச்சியாலே?" என்று கேட்டால், காதில் விழாத மாதிரி போவேன்.

என் அருவருப்புக்கு நோய்ப் பயம் என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். பயம் என்றால் மரியாதையாக இருந்தது.

ஒரு ஆடி மாதம், நல்ல சாரலில், அவளை அருவிக்கு அழைத்துப் போனோம். குற்றாலத் தண்ணீர் பட்டால் எல்லாம் போய்விடும் என்று அம்மை நம்பினாள். அருவியின் அடியில் எண்ணெயும் சீயக்காயும் மிதந்து, கால் வைக்கக் கூசுகிற மாதிரி கிடந்தது. அத்தனை பேர் உடம்பு அழுக்கும் அங்கேதான். அதில் யாருக்கும் கூச்சமில்லை. உலகம்மை தலை நனைந்ததும் இருமி, ஓரமாகப் பாறையில் துப்பினாள். பக்கத்தில் குளித்த வெளியூர் அம்மாள் ஒருத்தி, "காசக்காரியக் கொண்டுவந்து தண்ணியில விட்டிருக்காளே, இவளுக்கு மனசாட்சி இருக்கா?" என்று அம்மையைப் பார்த்துக் கத்தினாள். பெண்கள் எல்லோரும் விலகினார்கள். ஈரத் துணியோடு அம்மையும் உலகம்மையும் படியேறி வந்தார்கள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் படியில் நின்ற கூட்டத்தில் இருந்தேன்; விலகியவர்களோடு நானும் விலகினேன்.

காசநோய் வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். உருகிச் செத்தார்கள். உலகம்மை உருகவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள், உடம்பு வைத்தாள். ஒரு வைத்தியர் நெஞ்சில் காது வைத்துப் பார்த்து, இடப்பக்கம் ஒன்றும் கேட்காமல், வலப்பக்கம் வைத்தார். "பிள்ளைக்கு நெஞ்சடிப்பு வலப்பக்கம்லா இருக்கு" என்றார். அது வேறு அபசகுனமாகப் போயிற்று. அந்த வலப்பக்கத்துக்கும் இந்தச் சளிக்கும் தொடர்பு உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆலங்குளத்துப் பக்கம் ஓர் இடத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அம்மை இறந்துபோனாள். கிணற்றடிச் சாய்ப்புக் கொட்டிலில் உலகம்மைக்கு ஒரு பாய், ஒரு அடுப்பு, தனித் தட்டு, தனிச் செம்பு என்று அப்பா ஏற்பாடு செய்தார். நான் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினேன்.

பல வருஷம் கழித்து, ஒருநாள் கூடத்தில், உப்புக் கூடிப்போன நீரில் கிடந்த ஒரு தவளைத் தோலைப் பார்த்தேன். மயிர்கள் அப்படியே நின்றன. அடிக்கவில்லை. கரித்தூள் கோழையில் புதைந்து, வைத்த இடத்திலேயே கிடந்தது. எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. ஒருவருக்குப் பிறவியிலேயே இவை அடிக்காமல் இருந்தால்? கோழை தானாக ஏறாது. இருமி இருமித்தான் அதை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

பேராசிரியரிடம் கேட்டேன். "அப்படிப் பிறந்தால் பிழைக்காது. தவளையைப் பார்" என்றார்.

4

அப்பாவின் கடிதம் வந்தது. அக்கம்பக்கத்தார் மகஜர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சீசனுக்கு வெளியூர் ஜனம் வந்து இறங்குகிற சமயத்தில் காசக்காரியை ஊருக்குள் வைத்திருக்கக் கூடாதாம். சுகாதார அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். குற்றாலம் போகிற சாலையில், ஊருக்கு வெளியே, இந்த நோயாளிகளுக்கென்று ஓர் ஓலைக்கொட்டகை இருக்கிறது. உத்தரவானால் அங்கே அனுப்ப வேண்டியதுதான். 'எனக்கும் அதுவே சரியென்று படுகிறது' என்று முடித்திருந்தார்.

அவளுக்குக் காசம் இல்லையென்றால், அந்தக் கொட்டகையில் இருப்பவர்களிடமிருந்து அவளுக்கு அது வந்துவிடும். இரண்டு மாத விடுப்புக் கேட்டேன். கூடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய பித்தளை நுண்ணோக்கி ஒன்றைக் கடனாகக் கேட்டேன். பேராசிரியர் எதற்கென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஒருவர்தான் கேட்காமல் போட்டது. பர்மாவை இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்த பிறகு எல்லாவற்றுக்கும் புதுக் காகிதம். துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா நுண்ணோக்கியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, இது பித்தளைச் சாமானா மருத்துவச் சாமானா என்று கேட்டார். இரண்டும் என்றேன். அப்படி எழுத இடமில்லை என்றார். எந்த தேசத்தவர் என்று கேட்டார். என் வாயில் தென்காசி என்று வந்துவிட்டது. அதற்கும் இடமில்லை. நாலு நாள் கப்பல், அப்புறம் சென்னையிலிருந்து ரயில். தென்காசியில் இறங்கும்போது செல்லம் வண்டிக்காரரிடம் பர்மிய மொழியில் தண்ணீர் கேட்டாள். அவர் என்னைப் பார்த்து, "பிள்ளைக்குப் பேச்சு வரலியா அண்ணாச்சி?" என்று இரக்கமாகக் கேட்டார்.

5

அப்பா நெற்றி நிறைய நீறோடு வாசலில் நின்றார். பேத்தியைக் கண்டதும் அவர் முகத்தில் நான் சின்ன வயதில் காணாத சிரிப்பு. அன்றிலிருந்து செல்லம் அவர் மடியில்தான். தன் இலையிலேயே தயிர்சாதம் பிசைந்து அவளுக்கு உருட்டிக் கொடுத்தார். கற்கண்டைப் பல்லால் கடித்து, பாதியை அவள் வாயில் போட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை ஊரோடு ஒட்டிக்கொள்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

உலகம்மையைக் கிணற்றடியில் பார்த்ததும் அதே செல்லம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பர்மியச் சொல்லைச் சொல்லிவிட்டு ஓடினாள்.

"என்ன சொல்லுதா உம் மக?" என்றாள் உலகம்மை.

"கும்பிடுதேன் அத்தைன்னு சொல்லுதா."

"மூக்கப் பிடிச்சிக்கிட்டா கும்பிடுவாவ பர்மாவுல?"

நெஞ்சு கரகரக்கச் சிரித்தாள். முப்பது வயதாகியிருந்தது. முடியில் அங்கங்கே நரை. நான் அவளைத் தொட்டுப் பேசியது கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நல்ல வெயில் நேரத்தில் கிணற்றடித் துவைகல்மேல் நுண்ணோக்கியை வைத்தேன். காது குடைகிற செம்புக் குச்சியைக் காய்ச்சிக் கழுவி, முதலில் என் மூக்குக்குள் விட்டுச் சுரண்டினேன். கண்ணில் நீர் வந்தது. அதை வெதுவெதுப்பான உப்புநீர்ச் சொட்டில் கண்ணாடித் துண்டின்மேல் வைத்தேன். செல்கள் கொத்தாகக் கிடந்தன. விளிம்பில் மயிர்கள் படபடவென்று அடித்தன. பக்கத்தில் கிடந்த தூசி அந்த வேகத்தில் ஓடியது.

அடுத்து அவள் மூக்கு. அவள் முகத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் கை ஒரு கணம் நின்றது. அவள் அதைக் கவனித்தாள். தானே மூக்கைத் தூக்கிக் கொடுத்தாள்.

அவளுடைய செல்களும் கொத்தாகத்தான் கிடந்தன. விளிம்பு நெடுக மயிர்கள் இருந்தன. ஒன்றும் அசையவில்லை. நீரைச் சூடாக்கி மாற்றினேன். வேறு இடத்தில் சுரண்டினேன். மூன்று தடவை பார்த்தேன். அசையவே இல்லை.

"எனக்குக் காட்டேன்" என்றாள்.

முதலில் என்னுடையதைக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்தவள், "ஏ யம்மா, உசுரோடல்லா கிடக்கு! கண்ணிமை மாதிரி படபடங்கு" என்றாள். பிறகு அவளுடையதைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஆடல."

"ஆமா."

"செத்துப் போச்சா?"

"சாகலட்டி. முளைச்சிருக்கு, நிக்கி. ஆடல, அவ்வளவுதான். அதனாலதான் சளி உனக்கு மேல ஏற மாட்டேங்கி."

"எப்பருந்து?"

"பொறந்ததுலருந்துன்னு நினைக்கேன்."

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அருவியில குளிக்கும்போது நான் சாமிய நினைக்கல, அதான் கேக்கலன்னு அம்மை சொல்லுவாளே. அதனால இல்லியா?"

"இல்ல."

"நான் சுத்தமா இருக்கலன்னு திருப்பி அனுப்பினாவளே, அவுக வீட்ல. அதனாலயும் இல்ல?"

"இல்லட்டி."

"இன்னொருக்கா உன்னோடதக் காட்டு" என்றாள். பார்த்துவிட்டு மறுபடி தன்னுடையதைப் பார்த்தாள். வெயில் சாய்ந்து கண்ணாடியில் வெளிச்சம் போகிறவரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது அதிகாரிக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். காசக் கிருமி இல்லை என்று காட்ட வேண்டும். அதற்குச் சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் கொண்டுபோயிருந்தேன். சளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஊற்றிச் சூடுகாட்டி, அமிலத்தில் கழுவினால், எல்லாம் வெளுத்துப்போகும். மேலே நீலச் சாயம் ஏற்றினால் மற்றதெல்லாம் நீலமாக, காசக் கிருமி மட்டும் சிவப்புக் குச்சியாக நிற்கும். அவள் சளியை மூன்று நாள் காலையில் எடுத்தேன். மூன்றிலும் குச்சி இல்லை. ஒப்பிட்டுக் காட்ட வீட்டில் மற்றவர்களுடையதும் வேண்டும் என்றேன். அப்பாவுக்கும் காலையில் கொஞ்சம் இருமல் உண்டு; வெற்றிலைச் சுண்ணாம்பு என்பார். "எடுலே, என்னதையும் எடு. கிழவன் எச்சில்ல என்ன இருக்குன்னு பாரு" என்று சிரித்துக்கொண்டே துப்பிக் கொடுத்தார்.

அப்பாவின் கண்ணாடியில் நீல நிறத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல. பார்த்த இடமெல்லாம்.

மறுநாளும் எடுத்தேன். மறுநாளும் கிடந்தன.

அன்று மத்தியானம் செல்லம் அவர் இலைக்கு முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். அவள் திமிறி அழுதாள். அப்பா கையில் சாத உருண்டையோடு என்னைப் பார்த்தார்.

பகவதி பிள்ளையை வெளியே கொண்டுபோன பிறகு சொன்னேன்.

"கண்ணாடி மாறியிருக்கும்லே" என்றார்.

"மாறலப்பா. ரெண்டு நாளும் பாத்தேன்."

அவர் உருண்டையை இலையில் வைத்தார். கையைக் கழுவவில்லை. "யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"எனக்கு மட்டுந்தான்."

"அப்ப அது அங்கனயே நிக்கட்டும்."

"அப்ப உலகம்மை?"

"அவளுக்குப் பேரு கெட்டு வருஷம் ஆச்சு. இன்னும் கெட என்ன இருக்கு? எனக்கு ஊருக்குள்ள ஒரு முகம் இருக்குலே. நாளைக்கு உம் மவளுக்கு மாப்பிள்ளை பாக்கையில, தாத்தனுக்குக் காசம்னா எவன் வருவான்? யோசிச்சுப் பாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவள அனுப்பிட்டா மகஜர் எழுதினவன் வாயும் அடஞ்சிரும்" என்றார்.

பெற்ற மகளைப் பற்றி, சோற்றுக் கையோடு இப்படிச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அவர் சொன்ன மாப்பிள்ளைக் கணக்கு என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உலகம்மையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை அப்பாவிடம் விடாமல் பகவதி இழுத்துப் பிடிப்பதைப் பார்த்து அவளே கேட்டாள். "அப்பாவுக்கா?"

தலையாட்டினேன்.

வாளிக் கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். "பாவம்" என்றாள். வாளியை இறக்கிவைத்துவிட்டு, "அதிகாரி வாறப்ப நீ பாத்தத அப்படியே சொல்லிரு அண்ணே. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றாள்.

"சொல்லுதேன்" என்றேன்.

6

அதிகாரி யூகலிப்டஸ் எண்ணெய் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை, முற்றத்திலேயே நின்றார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். அப்பா சந்தனமும் நீறுமாக, அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நோயாளி எங்கே?"

உலகம்மை கொல்லைப் பக்கமிருந்து அவளாகவே வந்தாள். அத்தனை ஆண்கள் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை. "எனக்குக் காசம் இல்லய்யா. எங்க அண்ணன் கண்ணாடி வச்சிப் பாத்திருக்காவ. இந்த வீட்ல யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு அண்ணன் சொல்லுவாவ" என்றாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீர் டாக்டரா?"

"இல்லை. ரங்கூனில் கல்லூரிக் கூடத்தில் உதவியாளன்."

"சரி. என்ன பார்த்தீர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பகவதியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற செல்லத்தைப் பார்த்தார். நான் அந்தப் பார்வை போன வழியே போனேன்.

"பழைய கண்ணாடி. தெளிவாகத் தெரியவில்லை" என்றேன்.

உலகம்மை ஏசவில்லை, அழவில்லை. சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, குனிந்து முற்றத்து ஓரத்தில் துப்பினாள். அதிகாரி இரண்டடி பின்னால் போய், அங்கேயே நின்று உத்தரவு எழுதினார்.

மறுநாள் காலை வண்டி வந்தது. பாயும் செம்பும் எடுத்துக்கொண்டு ஏறினாள். நான் வண்டிவரை போனேன். இரண்டு மாத விடுப்பில் பாதி மிச்சமிருக்க, அந்த வாரமே நாங்கள் ரயிலேறினோம்.

7

ரங்கூனுக்கு வந்ததும் அதிகாரிக்கு உண்மையை எழுதினேன். எல்லாம் எழுதினேன், கடலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எனக்குத் தைரியம் வருகிறது. பட்டம் இல்லாதவர் கருத்தின்மேல் நடவடிக்கை எடுக்க இயலாது என்று நாலு வரியில் பதில் வந்தது.

உலகம்மையின் செல்களைக் கண்ணாடியில் பதித்துக் கொண்டுவந்திருந்தேன். அவற்றுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிப் பெரிய லென்ஸில் பார்த்தேன். புள்ளிகள் வரிசையாக, ஒன்று தவறாமல் இருந்தன. ஒவ்வொரு புள்ளிமேலும் மயிர் முளைத்திருந்தது. செல் தன் வேலை முழுவதையும் ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது. அந்த மயிருக்குள்ளே, எங்கள் லென்ஸ் எட்டாத இடத்தில், ஏதோ ஒன்று மட்டும் இல்லை. பேராசிரியர் பார்த்துவிட்டு, "நீ பார்க்கும் முன்னாலேயே செத்த செல்" என்றார். இல்லை என்றேன். ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவரிடம் அப்படிச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தவளைத் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

உலகம்மை கொட்டகையில் நாலு மாதம் இருந்தாள். அதற்குள் அப்பா கோயில் வாசலில், எல்லோரும் பார்க்க, இரத்தமாகத் துப்பினார். பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. அவளைக் கொட்டகையிலிருந்து ஊராரே கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் வந்தாள். அவர் போகிறவரை மூன்று மாதம் அவள்தான் அள்ளிக் கொட்டினாள். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

செல்லத்தின் சளியை மாதம் ஒருமுறை கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சாயமேற்றிப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் உலகம்மையின் கார்டு வந்தது. கோணல் கோணலாக அவளே எழுதியிருந்தாள். நலம் விசாரிப்பு இல்லை. 'எங்கிட்ட இருந்துதான் அப்பாவுக்கு ஒட்டிச்சின்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. அப்பனத் தின்னவளேன்னு என் காதுபடச் சொல்லுதாவ. காரியத்துக்கு வந்தவுக ஒருத்தரும் என் கையால தண்ணி வாங்கல. நீ பாத்தத எப்பச் சொல்லப் போற?'

இதை எழுதப் போகிறேன் என்றபோது பகவதி, "அச்சுல வந்தா செல்லத்துக்கு எவன் வருவான்?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை.

ஆகையால் தென்காசியில் எங்களைத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணாடி பழையதுதான், ஆனால் மிகத் தெளிவாகத் தெரிந்தது. காசம் என் அப்பாவுக்கு இருந்தது. இரண்டு நாள் பார்த்தேன். என் தங்கைக்கு இல்லை. மூன்று நாள் பார்த்தேன். அவளுக்கு இருப்பது பிறரிடம் ஒட்டுகிற நோய் அல்ல. இதையெல்லாம் தெரிந்துகொண்டே அன்று முற்றத்தில் நின்று தெரியவில்லை என்று சொன்னேன். என் பெயரும் முகவரியும் ஆசிரியரிடம் இருக்கின்றன. கேட்டு வருகிறவர்களுக்கு அவர் கொடுக்கலாம்.

படித்தவர்களில் யாராவது ஒருவர் அவள் வீட்டுக்குப் போங்கள். கொல்லை வழியாக வேண்டாம், முன்வாசல் வழியாகப் போங்கள். உட்கார்ந்து, தாகமாக இருக்கிறது என்று அவளிடம் தண்ணீர் கேளுங்கள். அவள் கொண்டுவருவதை அவள் எதிரிலேயே குடியுங்கள்.